பாருக்கு முதல் தடவை போறேன், வைன் எப்படி ஆர்டர் பண்றது?

கேள்வி: 2025 செப்டம்பர் 5, வெள்ளி, இரவு 8.15

அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஆளுங்களோட சிங்கப்பூர் ஆத்தோரம் பார் நிறைய இருக்கிற போட் கீ போறோம். எனக்குப் பீரே பழக்கமில்லை, டீம்ல எல்லாரும் வைன்தான் குடிப்பாங்க. அந்த நீள லிஸ்ட்டைக் கையில கொடுத்தா என்ன சொல்றது? ஒரு பேரும் வாயில நுழையலை. நல்லதா நாலு பேர் சொல்லுங்க, மனப்பாடம் பண்ணிட்டுப் போறேன். செலவும் கையைக் கடிக்கக்கூடாது.

பதில்: செப்டம்பர் 5, இரவு 9.40

மனப்பாடம் வேணாம் தம்பி. நீங்க படிச்சிட்டுப் போற நாலு பேரும் அந்த லிஸ்ட்ல இருக்காது. இருந்தாலும் அன்னிக்குப் பார்த்துத் தீர்ந்திருக்கும்.

லிஸ்ட்டைத் திறந்ததும் கிளாஸ் கணக்குல விக்கிற பக்கத்தைத் தேடுங்க. எட்டுப் பத்து வரிதான் இருக்கும். மத்த பக்கமெல்லாம் பாட்டில் வாங்குறவங்களுக்கு, அதைப் புரட்டிப் பயப்பட வேண்டியதில்லை. பரிமாற வர்றவங்ககிட்ட மூணு விஷயம் சொன்னாப் போதும்: வெள்ளையா சிவப்பா, கொஞ்சம் இனிப்பு இருக்கலாமா கூடாதா, லேசா வேணுமா கனமா வேணுமா. விலையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருந்தா, லிஸ்ட்ல உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை மேல விரலை வச்சு "இந்த மாதிரி ஒண்ணு கொடுங்க"ன்னு சொல்லுங்க. பரிமாறுறவருக்குப் புரிஞ்சிடும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்குப் புரியாது.

கோப்பிக்கடையில "கோப்பி சி சியூ தாய் பெங்"னு மூச்சு விடாம சொல்றீங்கல்ல? பால் எது, சர்க்கரை எவ்வளவு, சூடா ஐஸா, அவ்வளவுதான் அதுல இருக்கு. கொட்டை எந்த நாட்டுல விளைஞ்சதுன்னு அந்த அங்கிள்கிட்ட யாரும் பேசினதில்லை. வைனுக்கும் அந்த அளவு போதும்.

செப்டம்பர் 5, இரவு 9.58

விலை பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. லிஸ்ட்ல 18++ னு போட்டிருந்தா 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ், அந்தக் கூட்டுத்தொகை மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிளாஸ் பில்லுல 21 வெள்ளி 58 காசா வரும். கண்ணுல படுற விலையோட அஞ்சுல ஒரு பங்கைக் கூட்டியே மனசுல வச்சுக்குங்க.

செப்டம்பர் 6, காலை 7.30

"ஹவுஸ் வைன்னு சொல்லிட்டு உட்கார வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு வியாக்கியானம்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். பாதி சரி. ஹவுஸ் வைன்ங்கிறது அந்த பார் தினசரி ஊத்துறதுக்குன்னு எடுத்து வச்சிருக்கிற மலிவான வைன். அக்கறையுள்ள பார்ல அதைத் தேடிப் பிடிச்சு வச்சிருப்பாங்க, அதிகமா ஓடுறதும் அதுதான், அதனால பாட்டில் புதுசா இருக்கும். அக்கறையில்லாத பார்ல மொத்த விலையில எது குறைச்சலோ அது. எந்த பார் எப்படின்னு வாசல்ல எழுதி வச்சிருக்க மாட்டாங்க.

அதனால இன்னொரு கேள்வியையும் பழகிக்குங்க: "இந்த பாட்டிலை எப்பத் திறந்தீங்க?" திறந்த வைன் காத்து பட்டுப் பட்டுச் செத்துப்போகும். வெள்ளை குளிர்பெட்டியில மூணுலேர்ந்து அஞ்சு நாள் தாங்கும், சிவப்பு அதைவிடக் கொஞ்சம் குறைச்சல். பழ வாசம் போய், அடிபட்ட ஆப்பிள் வாசமோ காடி வாசமோ வந்துட்டா அது முடிஞ்சுபோன பாட்டில். பாலிடெக்னிக் படிக்கிறப்ப வார இறுதியில ஒரு ஹோட்டல் விருந்துகளுக்குப் பகுதி நேரமாப் பரிமாறப் போவேன். போன ராத்திரி மீந்தது மறுநாள் மதிய விருந்துக்கு முதல்ல ஊத்தப்படும். குடிச்சவங்க யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. வைன்னாலே இப்படித்தான் இருக்கும்னு நினைச்சிருப்பாங்க. முதல் தடவை குடிச்சிட்டு "எனக்கு வைன் பிடிக்கலை"ங்கிறவங்கள்ல எத்தனை பேர் செத்த வைனைக் குடிச்சவங்களோ.

நல்ல பார்கள்ல கொராவின்னு ஒரு கருவி இருக்கும். மெல்லிசான ஊசியைக் கார்க் வழியா இறக்கி, ஆர்கான் வாயுவை உள்ளே விட்டு வைனை எடுப்பாங்க. கார்க் கழட்டாததால வைன் வாரக்கணக்குல கெடாது. விலையுள்ள வைனைக் கிளாஸ் கணக்குல விக்க அதுதான் வழி. தெரிஞ்சு வச்சுக்குங்க, கேட்டு வாங்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 6, காலை 7.52

ருசி பார்க்கக் கேக்கலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு: கேக்கலாம். கிளாஸ் கணக்குல விக்கிறது ஏற்கெனவே திறந்த பாட்டில்தான், ஒரு வாய் ஊத்திக் கொடுக்கிறதுல அவங்களுக்கு நட்டமில்லை. ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. ஆனா வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் கழுத்தை நெரிக்கிறப்ப கேக்காதீங்க. ஆறு மணிக்குப் போனா பரிமாறுறவங்க நின்னு பேசுவாங்க, விலை குறைச்சுக் கொடுக்கிற ஹேப்பி அவர் நேரமும் இருக்கும்.

செப்டம்பர் 6, மாலை 4.10

சரி, பேரே சொல்லாம விட்டா இந்தத் தம்பி தூங்க மாட்டார் போலிருக்கு. என் கணக்கு இது, ஒத்துக்காதவங்க கீழே திட்டுங்க.

வெள்ளையில எல்லாரும் சாவிஞோன் பிளாங் சொல்வாங்க, அதுவும் நியூசிலாந்து மார்ல்பரோ. எந்த லிஸ்ட்லயும் ஒண்ணாவது இருக்கும். நல்ல புளிப்பு, பச்சை வாசம், கொய்யா, எலுமிச்சை. புளியிலயும் எலுமிச்சையிலயும் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்லை, அதனால பயமில்லாமக் கேக்கலாம். ஆனா என்னைக் கேட்டா முதல் கிளாஸுக்கு ரீஸ்லிங். ஜெர்மனி மோசல் பக்கத்து ரீஸ்லிங்ல கபினெட்னு போட்டதுல பெரும்பாலும் ஆல்கஹால் எட்டு ஒன்பது விழுக்காடுதான் இருக்கும், கொஞ்சம் இனிப்பு, அதுக்குச் சரிசமமாப் புளிப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: ரீஸ்லிங் சொட்டு இனிப்பில்லாமலும் வரும், பாகு மாதிரியும் வரும். லேபிள்ல ட்ரோக்கன் (Trocken)னு இருந்தா இனிப்பில்லாதது. லேபிளைப் படிக்க முடியலைன்னா கேட்டுடுங்க.

ஷார்டனே ஆளுக்கு ஆள் மாறும். ஓக் பீப்பாயில வச்சது வெண்ணெய், வனிலா வாசம் அடிக்கும். பீப்பாயே படாதது வேற உலகம். "ஓக் அதிகம் வேணாம்"னு சொல்லலாம். சொன்னதும் ஏதோ விஷயம் தெரிஞ்ச ஆள்னு நினைச்சுக்குவாங்க.

சிவப்புல ஆரம்பிக்கிறவங்க கேபர்னே சாவிஞோன், பரோசா ஷிராஸ் பக்கம் உடனே போக வேணாம். ரெண்டும் நல்ல வைன்தான். ஆனா துவர்ப்பும் ஆல்கஹாலும் தூக்கலா இருக்கும், வெறும் வயித்துல வெறும் கடலையோட குடிச்சா ஈறு இழுத்துப் பிடிச்சிக்கும். அந்தத் துவர்ப்புக்குப் பேர் டேனின், திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வர்றது. கறி, பாலாடைக்கட்டின்னு கொழுப்புள்ள சாப்பாடு கூட இருந்தா அது அடங்கும். தனியாக் குடிக்கப் பினோ நுவார், இல்லைன்னா பிரான்சோட பொஷொலே. கொஞ்சம் கனமா வேணும்னா அர்ஜென்டினா மால்பெக், வழுவழுன்னு இருக்கும்.

என்ன கேக்குறதுன்னே தெரியலை, மண்டை வேலை செய்யலைன்னா பிரொசெக்கோ. நுரைக்கும், குளிர்ச்சியா இருக்கும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஷாம்பெயின்ல ரெண்டாவது நொதித்தல் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளயும் நடக்கும், பிரொசெக்கோவுல பெரிய தொட்டியில நடக்கும். விலை வித்தியாசத்துல பாதிக் காரணம் அதுதான், மீதி ஷாம்பெயின்ங்கிற பேருக்கு.

செப்டம்பர் 8, இரவு 11.05

மொஸ்காட்டோங்கிற இனிப்பு வைனைக் கிண்டல் பண்ணினவருக்கு. "அது சின்னப் பிள்ளைங்க ஜூஸ்"னு எழுதியிருக்கீங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இங்க 18 வயசு வரைக்கும் எதையும் விக்க மாட்டாங்க, அது கிடக்கட்டும். மொஸ்காட்டோ தாஸ்தி ஆல்கஹால் அஞ்சரை விழுக்காடு பக்கம்தான், பீர் அளவு. இனிப்பு, மல்லிப்பூ வாசம். என் மாமியார் எழுபது வயசுல முதல் தடவை குடிச்ச வைன் அது, தீபாவளிக்கு இப்பவும் நினைவுபடுத்துவாங்க. இனிப்பா வேணும்னு சொல்லக் கூச்சப்பட்டுக் கசக்கிற சிவப்பை முகம் சுளிச்சுக் குடிக்கிறவங்களை நான் பரிமாறின ஹோட்டல் விருந்துகள்ல வாராவாரம் பார்த்திருக்கேன். காசு கொடுத்து எதுக்குங்க தண்டனை?

செப்டம்பர் 9, மதியம் 1.20

பாட்டில் ஆர்டர் பண்ணினா முதல்ல ஒரு வாய் ஊத்திட்டு உங்க முகத்தையே பார்த்துட்டு நிப்பாங்க. பிடிச்சிருக்கான்னு கேக்கிறதா நினைச்சுப் பலபேர் மாட்டிக்கிறாங்க. பிடிச்சிருக்காங்கிறது அங்க கேள்வியே இல்லை. வைன் கெட்டிருக்கா இல்லையாங்கிறதுக்குத்தான் அந்தச் சடங்கு. கார்க்ல இருந்து வர்ற டிசிஏங்கிற ஒரு பொருள் வைனைப் பாழாக்கும், ஈரமான அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அது இருந்தா சொல்லுங்க, மாத்திக் கொடுப்பாங்க. திருகு மூடி போட்ட பாட்டில்ல அந்தத் தொல்லை அபூர்வம். நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வைன் பெரும்பாலும் திருகு மூடிதான், மட்டமான சரக்குன்னு நினைக்க வேணாம்.

முகர்ந்து பாருங்க, தலையாட்டுங்க, ஊத்தச் சொல்லுங்க. மூணு வினாடி. கிளாஸைச் சுத்துறதெல்லாம் விருப்பம். வெள்ளைச் சட்டையில போனா சுத்தாதீங்க.

செப்டம்பர் 9, மதியம் 1.31

கிளாஸா பாட்டிலாங்கிற கணக்கு: பாட்டில் 750 மில்லி. 150 மில்லி ஊத்துற இடத்துல அஞ்சு கிளாஸ், 125 ஊத்துற இடத்துல ஆறு. மூணு பேர், ஆளுக்கு ரெண்டு கிளாஸ், எல்லாரும் ஒரே வைன்னா பாட்டில் லாபம். முதல் தடவை போறவங்க கிளாஸ்லயே இருங்க, பிடிக்கலைன்னா அஞ்சு கிளாஸ் பிடிக்காம இருக்கும்.

செப்டம்பர் 13, சனி, காலை 10.15

தம்பி போய்ட்டு வந்து கீழே எழுதியிருக்கார், படிச்சேன். ரீஸ்லிங் கேட்டிருக்கார், பரிமாறின பொண்ணே ரெண்டு வகை ருசி காட்டியிருக்கு. நல்லது. இனிமே பிடிச்ச வைன் லேபிளைக் கைபேசியில ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க. மனப்பாடம் வேணாம்னு நான் சொன்னதுக்கு இது ஒரு வால். மேலே ஒருத்தர் "கோப்பி எந்தக் கடையிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், வைன் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுமே"ன்னு மடக்கினார், நியாயமான மடக்கல். பேரை நீங்க சுமக்க வேணாம், படம் சுமக்கட்டும். அடுத்த பார்ல படத்தைக் காட்டி "இது பிடிச்சது, இந்தச் சாயல்ல என்ன இருக்கு"ன்னு கேட்டா, நாம அரை மணி நேரம் வர்ணிச்சாலும் வராத பதில் வரும்.

செப்டம்பர் 13, காலை 10.40

இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிடுறேன். நானும் வீட்டுக்காரரும் போனா வைன் லிஸ்ட்டு அவர் கைக்குத்தான் போகும். அவர் வாழ்நாள்ல தே தாரிக்கை, அதான் இழுத்து ஆத்தின டீயை, தாண்டினதில்லை. அவர் அதைத் திறக்காம அப்படியே என் பக்கம் தள்ளுவார். வைன் வந்ததும் கிளாஸை அவர் முன்னாடி வச்சிட்டு, அவரோட எலுமிச்சை ஜூஸை என் முன்னாடி வைப்பாங்க. நாங்க மாத்திக்குவோம். கிளார்க் கீ பக்கம், டக்ஸ்டன் ஹில் பக்கம், எல்லா இடத்துலயும் இதே கதைதான். பெண்களுக்குச் சலுகை கொடுக்கிற புதன்கிழமை லேடீஸ் நைட்டுல மட்டும் எங்களை அடையாளம் கண்டுபிடிச்சிடுறாங்க.

செப்டம்பர் 14, இரவு 9.00

ஆத்தோரம் வெளிய மேசை போட்டு உட்கார்றவங்களுக்கு: சிவப்பு வைனை அறை வெப்பத்துல குடிக்கணும்னு ஒரு வசனம் உண்டு. அந்த அறை ஐரோப்பாவுல பழைய கல்லு வீட்டு அறை, 16லேர்ந்து 18 டிகிரி. நம்ம ஊர்ல சாயங்காலம் ஏழு மணிக்கு வெளிய 28, 29. அந்தச் சூட்டுல சிவப்பு வைன் குடிச்சா ஆல்கஹால் மட்டும்தான் மூக்குல ஏறும். "கொஞ்சம் குளிர வச்சுக் கொடுங்க"ன்னு தாராளமாக் கேளுங்க, பினோ நுவார் பதினாலு டிகிரியில இன்னும் நல்லா இருக்கும். ஐஸ் போடலாமான்னு கேட்டீங்க. போடலாம், உங்க கிளாஸ், யாரு கேக்கப் போறா. தண்ணியாப் போறதுக்குள்ள குடிச்சிடுங்க.

செப்டம்பர் 20, மாலை 5.45

சைவம் சாப்பிடுற ஒருத்தர் தனிச்செய்தியில கேட்டது, எல்லாருக்கும் பயன்படும். திராட்சைதானே, இதுல என்ன அசைவம்? இருக்கு. கலங்கலாயிருக்கிற வைனைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், ஜெலட்டின், மீனோட காற்றுப்பையில இருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ், இதுல ஏதாவது ஒண்ணைப் போடுவாங்க. அது கசடைப் பிடிச்சுக்கிட்டு அடியில இறங்கும், அப்புறம் மேலே தெளிஞ்சதைப் பிரிச்சு எடுத்துடுவாங்க. பென்டோனைட்னு ஒரு களிமண்ணை வச்சும் தெளிய வைக்கலாம், எதுவுமே போடாமலும் விடலாம். கடுமையாப் பார்க்கிறவங்க லேபிள்ல வீகன் குறி இருக்கான்னு கேளுங்க. பரிமாறுறவங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது, பாட்டிலைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க.

பார்ல கூட வர்ற வறுவல் எந்த எண்ணெய்ச் சட்டியில பொரிச்சதுங்கிறதை விட்டுட்டு வைனை மட்டும் ஆராயுறதுல எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. அவரவர் கணக்கு அவரவருக்கு.

செப்டம்பர் 26, இரவு 10.20

"இங்க வைன் ஏன் இவ்வளவு விலை, பார்காரங்க கொள்ளை"ன்னு கொதிக்கிறவங்களுக்கு. பார் லாபம் ஒரு பக்கம் இருக்கு, வாடகையும் இருக்கு. அதுக்கு முன்னாடி வரி. இங்க வைனுக்குக் கலால் வரி ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி, 2014ல 70லேர்ந்து ஏத்தினது. 13 விழுக்காடு வைன் ஒரு பாட்டில்ல 97.5 மில்லி ஆல்கஹால். பெருக்கிப் பாருங்க, 8 வெள்ளி 58 காசு. அதுக்கும் மேல ஜிஎஸ்டி.

இதுல கவனிக்க வேண்டியது, வரி ஆல்கஹால் அளவுக்குத்தான், விலைக்கு இல்லை. பேரங்காடியில 20 வெள்ளி பாட்டிலும் 60 வெள்ளி பாட்டிலும் ஒரே கலால் வரி. 20 வெள்ளி பாட்டில்ல கலாலும் ஜிஎஸ்டியும் பாதியைத் தின்னுடும், அப்புறம் கப்பல் கூலி, கண்ணாடி, கடைக்காரர் லாபம். உள்ளே இருக்கிற திராட்சைக்கு என்ன மிஞ்சும்? அதனால இந்த ஊர்ல கொஞ்சமா விலை ஏறினாலே தரம் நல்லா ஏறும். 30, 35 வெள்ளி பாட்டில்தான் என் கைக்கு ஏத்தது. அதுக்கு மேல போறதுக்கு நாக்கும் வேணும், சம்பளமும் வேணும்.

செப்டம்பர் 26, இரவு 10.34

ஜொகூர்ல வாங்கிட்டு வந்தா? மலேசியாவுல இருந்து வர்றவங்களுக்கு மதுபான வரிச்சலுகை கிடையாது, ஒரு பாட்டில்னாலும் சொல்லிட்டு வரி கட்டணும். வேற நாட்டுல இருந்து வந்தா, குறைஞ்சது 48 மணி நேரம் வெளிய இருந்திருந்தா, வரியில்லாம மொத்தம் 2 லிட்டர். சென்னைக்குப் போய்ட்டு வர்றப்ப விமான நிலையத்துல ரெண்டு பாட்டில் எடுத்துக்கலாம், சரியா இருக்கும்.

அக்டோபர் 3, இரவு 8.50

காரச் சாப்பாட்டுக்கு எந்த வைன்னு கேட்டதுக்குக் கேபர்னேன்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். மீன் தலைக்கறியோட அதைக் குடிச்சுப் பார்த்துட்டு வந்து எழுதுங்க சார். ஆல்கஹால் ஏற ஏற மிளகாய்க் காரம் இன்னும் எரியும், துவர்ப்பும் கூடச் சேர்ந்தா வாயெல்லாம் வறண்டு போகும். காரத்துக்கு ஆல்கஹால் குறைச்சலா, லேசா இனிப்பா, நல்லாக் குளிர்ந்ததா வேணும். மறுபடியும் ரீஸ்லிங்தான் வருது, நான் என்ன பண்ண? கெவுர்ஸ்ட்ராமினரும் ஒத்துப்போகும், ரோஜா, லிச்சி வாசம். ரோசேயும் சரி. ரோசேன்னா பெரும்பாலும் வெள்ளையையும் சிவப்பையும் கலந்ததில்லை, சிவப்புத் திராட்சைச் சாறைத் தோலோட கொஞ்ச நேரம் மட்டும் ஊற விட்டு எடுக்கிறது.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் சாப்பாட்டுக் கடைக்குச் சொந்த பாட்டில் கொண்டுபோறதா இருந்தா முன்னாடியே தொலைபேசியில கேட்டுக்குங்க. பாட்டில் திறக்கக் கட்டணம் கேப்பாங்க, சில இடத்துல அனுமதியே இல்லை.

அக்டோபர் 4, காலை 6.40

"நம்ம பண்பாட்டுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு ஒரு பெரியவர். ஐயா, புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகள் தோண்டத் தோண்ட வந்திருக்கு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி மத்தியதரைக் கடல் வைன் கப்பல்ல வந்து நம்ம கரையில இறங்கியிருக்கு. அப்ப லிஸ்ட்டைப் பார்த்து யாரும் திணறியிருக்க மாட்டாங்க.

குடிக்காதவங்க குடிக்க வேணாம், அதையும் சொல்லிடுறேன். என்கூட வேலை பார்க்கிற பாய் எங்களோட எல்லா பாருக்கும் வருவார். சோடாவுல எலுமிச்சை பிழிஞ்சு வாங்கிட்டு ராத்திரி பூரா அரட்டை அடிப்பார், அவர் கிளாஸை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. குடிக்கலைன்னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சாத்தான் வம்பு.

அக்டோபர் 4, காலை 7.05

எவ்வளவு குடிக்கலாம்னு யாருமே கேக்கலை, வழக்கம்போல. 13 விழுக்காடு வைன் 150 மில்லியில சுமார் 15 கிராம் ஆல்கஹால். 330 மில்லி பீர் கேன், 5 விழுக்காடு, சுமார் 13 கிராம். ஆக ஒரு கிளாஸ் வைன் ஒரு கேன் பீரைவிடக் கொஞ்சம் கூட. "வைன்தானே"ன்னு மூணு கிளாஸ் போறவங்க இதை நினைச்சுப் பார்க்கணும். கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணி, வயித்துல முன்கூட்டியே ஏதாவது சாப்பாடு.

கார் எடுத்துட்டுப் போகாதீங்க. இங்க வரம்பு 100 மில்லி மூச்சுக்காத்துல 35 மைக்ரோகிராம். எத்தனை கிளாஸ்ல அது வரும்னு கணக்குக் கேட்டு எனக்கு எழுதாதீங்க, ஆளுக்கு ஆள் மாறும், நான் சொல்ல மாட்டேன். எம்ஆர்டி ரயில் இருக்கு.

சீன நண்பர்கள் சிலருக்கு ரெண்டு வாய்க்குள்ள முகம் செவந்துடும். போதை ஏறினதால இல்லை. ஆல்கஹால் உடம்புல அசிடால்டிஹைடா மாறும், அதை உடைக்கிற ஏஎல்டிஎச்2 நொதி அவங்களுக்குச் சரியா வேலை செய்யாது. அவங்களை "இன்னும் ஒண்ணு போடு"ன்னு வற்புறுத்துறது கிண்டல் இல்லை, கெடுதல்.

அக்டோபர் 16, இரவு 9.15

தீபாவளிக்கு வீட்டுல வைன் வாங்கி வைக்கிறவங்க கவனிக்க. லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் கடைசி நேரத்துல வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க. 2015 சட்டப்படி தீவு முழுக்க ராத்திரி பத்தரைக்கு மேல கடையில மது வாங்கிட்டுப் போக முடியாது. லிட்டில் இந்தியாவுல வார இறுதி, பொது விடுமுறை, அதுக்கு முந்தின நாள் எல்லாம் சாயங்காலம் 7 மணியோட சரி. 2025ல தீபாவளி திங்கள்கிழமை, ஆக சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் 7 மணி. 2013 டிசம்பர்ல லிட்டில் இந்தியாவுல நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வெள்ளிக்கிழமையே வாங்கிடுங்க, இல்லை உங்க பேட்டை பேரங்காடியில வாங்குங்க.

அக்டோபர் 22, மதியம் 12.30

மீந்துபோன சிவப்பை என்ன பண்றதுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. மூடியை இறுக்கிக் குளிர்பெட்டியில வைங்க, சிவப்பா இருந்தாலும் சரி, அடுக்களை மேடையில வேணாம், இந்த ஊர்ச் சூட்டுல ரெண்டு நாள்ல காடியாப் போகும். மறுநாளும் குடிக்கலைன்னா ஆட்டுக்கறியில ஊத்தலாம். வெங்காயம் வதங்கினதும் ஊத்தி நல்லாச் சுண்ட விடணும், அப்புறம்தான் கறி. அரைக் கோப்பைக்கு மேல வேணாம், புளிப்பு ஏறிடும். தக்காளியைப் பாதியாக் குறைச்சுக்குங்க.